கரி பஸ்ஸில் வந்த அழகர்

பாண்டிக்கும் செல்லத்துக்கும், உங்களோடு சேர்ந்து பாடுகிற பிள்ளைகளுக்கும் அப்பா எழுதுவது.

நீங்களும் பாட்டுக் கட்டும் தொழிலுக்கு வந்துவிட்டீர்கள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். என் அப்பாவும் என்னிடம் அப்படித்தான் சொல்லிப் பார்த்தார். ஆகவே அந்தப் பேச்சை விட்டுவிடுவோம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். என்னிடம் யாப்பிலக்கணம் கேட்டால் எனக்குத் தாளம் போடும் காதர் மாமாவின் டேப்பைத்தான் காட்டுவேன். அந்தத் தோல் எங்கே அதிர்கிறதோ அங்கே என் அடி முடியும். அதனால் எப்படி எழுதுவது என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பேர் முன்னால் நிற்கும்போது என்னென்ன ஆகும் என்று வேண்டுமானால் சொல்லலாம். அதில் நான் நிறைய அடி வாங்கியிருக்கிறேன்.

போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டதை அடுப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பழைய புராணக் கதைக்கு இந்தக் காலத்துச் சட்டையை மாட்டிவிட வேண்டும், சனம் சிரித்தால் போதும் என்கிறான் பாண்டி. சாமி கதையில் கை வைத்தால் சாபமும் வரும், கல்லும் வரும் என்கிறாள் செல்லம். எனக்குச் சாபமும் வந்ததில்லை, கல்லும் வந்ததில்லை. எனக்கு வந்தவர் ஒரு கல்யாண மாப்பிள்ளையின் மைத்துனர். அதைத்தான் எழுதப் போகிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் முதுகில் ஆளுயர உலை ஒன்றைக் கட்டி, அதில் கரியைப் போட்டு எரித்து, அந்த வாயுவில் வண்டி ஓட்டினார்கள். ஓடியது என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். மேடு வந்தால் ஆண்கள் இறங்க வேண்டும். பெரிய மேடு வந்தால் பெண்களும் இறங்க வேண்டும். கண்டக்டர் டிக்கெட் கிழித்த நேரத்தைவிட உலையைக் கிளறிய நேரம் அதிகம்.

சித்திரைத் திருவிழாக் கதை உங்களுக்குத் தெரியும். உங்களோடு பாடும் வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் மீனாட்சிக்குக் கல்யாணம். அண்ணன் அழகர் மலையிலிருந்து சீர் எடுத்துக்கொண்டு வருகிறார். வைகையில் இறங்கும்போதே தாலி கட்டி முடிந்துவிட்டது என்று தெரிகிறது. கோபித்துக்கொண்டு, ஊருக்குள் கால் வைக்காமல், வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிடுகிறார். வருஷா வருஷம் லட்சம் சனம் கூடி நின்று அவர் கோபித்துக்கொண்டு போவதைப் பார்த்துக் கும்பிடுகிறது. ஆனால் ஏனப்பா தாமதம் என்று ஒருவரும் அவரைக் கேட்டதாகத் தெரியவில்லை. நான் கேட்டேன். அதற்குப் பதிலும் என் கண் முன்னாலேயே, அழகர்கோயில் சாலையில், கள்ளந்திரி மேட்டில் புகைந்துகொண்டு நின்றது.

மலையை விட்டு அழகர் வந்தார் – தங்கை
மணத்துக்குச் சீர் கொண்டு வந்தார்
கரியைத் தின்னும் பஸ்ஸில் ஏறி – நம்ம
கள்ளந்திரி மேட்டில் நின்றார்

சக்கரத்தைக் கையில் வைத்தார் – பஸ்
சக்கரத்தைத் தள்ளலானார்
சங்கெடுத்து ஊதும் வாயால் – கரித்
தணலெடுத்து ஊதலானார்

அந்தச் சித்திரையில் இந்தப் பாட்டுக்குக் கிடைத்த சிரிப்பை நான் அதற்குமுன் கேட்டதில்லை. சித்திரை வீதியில் பூ விற்கும் ஒரு அம்மா மட்டும் சிரிக்காமல் கடைசிவரை கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். செல்லம் பயப்படுகிற அந்தச் சாபம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

“சாமிய பஸ்ஸுல ஏத்திவிட்டியே, டிக்கெட்டு எடுத்தாரா?” என்றார்.

“கண்டக்டர் கேக்கலத்தா.”

“கேட்டிருந்தாத்தான் என்ன? உண்டியல்லருந்து குடுத்துட்டுப் போறாரு.”

மறுநாளே அந்தப் பதிலையும் பாட்டில் சேர்த்துக்கொண்டேன். நம் சனத்துக்குச் சாமியோடு அம்புட்டு உரிமை உண்டு. தூரத்தில் நிற்கிறவர்களுக்குத்தான் பயம்.

காதர் மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவருடைய குடும்பம் மாசி வீதிப் பக்கம் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருந்தது. குடத்தைத் தட்டிப் பார்த்து, எங்கே விரிசல் என்று காதால் கண்டுபிடிக்கிற கை அவருடையது. அந்தக் கையோடுதான் டேப் அடிக்க வந்தார். நான் பாடும்போது எந்த அடி ஓட்டை என்று அவருடைய விரல் நின்றுவிடுவதை வைத்தே தெரிந்துகொள்வேன்.

ஆனி மாதம் வண்டியூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். தன் அண்ணன் மகளுக்குக் கல்யாணம், பந்தலில் வந்து பாட வேண்டும் என்றார். எந்தப் பாட்டு என்று கேட்டேன். “அழகர் வந்து தங்குற ஊருய்யா எங்க ஊரு. அந்தக் கரி பஸ் பாட்டுத்தேன். வேற எதுவும் வேணாம்” என்றார்.

காதர் மாமாவுக்கு ஒரே சந்தோஷம். “கோவிச்சுக்கிட்டு வந்த அழகருக்கு வண்டியூர்ல எடங் குடுத்தது எங்க துலுக்க நாச்சியாருன்னு ஊரே சொல்லுது. அப்ப நமக்கு அது சம்பந்தி வீடுல்லண்ணே” என்றார். தெப்பக்குளத்தைத் தாண்டும்வரை அந்தச் சம்பந்தி வீட்டில் என்ன போடுவார்கள் என்பதையே பேசிக்கொண்டு வந்தார். அரிசிக்குக் கூப்பன் வாங்கி வரிசையில் நின்ற காலம் அது. கல்யாணச் சோறு என்பது பெரிய பேச்சு.

பெண்ணின் பெயர் அங்கம்மா. தாய் தகப்பன் இல்லை. அண்ணன் மாயாண்டிதான் வளர்த்தவன். வயல் வேலை போதாமல், வாடிப்பட்டிப் பக்கம் ரோட்டுக்குக் கல் உடைக்கப் போயிருந்தான். எங்களைக் கூப்பிட வந்த பெரியவர் அவர்களுடைய சித்தப்பா. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு: தாலி கட்டிய பிறகு, அண்ணன் கொண்டுவரும் சீர்ச்சேலையைக் கட்டிக்கொண்டுதான் பெண் முதல் பந்தியில் மாப்பிள்ளையோடு உட்கார வேண்டும். முதல் பந்தி உட்காராமல் ஊர்ப் பந்தி கிடையாது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் வந்திருந்தார்கள், அண்ணனைத் தவிர. பெண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல நேரம் முடியப் போகிறது என்று மாப்பிள்ளை வீட்டார் ஒரு முறை சொன்னார்கள். இன்னொரு முறை கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்கள். சித்தப்பா ரோட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, “கெட்டிமேளம்” என்று சொல்லிவிட்டார். தாலி ஏறியது.

பிறகு சீர்ச்சேலைக்காகக் காத்திருந்தோம். சோறு வடித்து ஆறிக்கொண்டிருந்தது. குழந்தைகள் இலையை விரித்து வைத்து அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டன. பசித்த சனம் பேச ஆரம்பித்தால் பேச்சு எங்கே போகும் என்று சித்தப்பாவுக்குத் தெரியும். “பாட்டப் போடுங்கப்பா” என்றார். போட்டோம். பந்தல் சிரித்தது. கரியைத் தின்னும் பஸ் வந்தது, சக்கரத்தைத் தள்ளியாயிற்று, சங்கெடுத்து ஊதும் வாயால் என்று நான் எடுத்தபோது சிரிப்பு வேறு மாதிரி வந்தது. சனம் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தது.

திரும்பினேன். வாசலில் வாழைமரத்தடியில் ஒரு ஆள். நெற்றியிலிருந்து கழுத்துவரை கரி. வேர்வை ஓடிய இடம் மட்டும் கோடு கோடாக வெளுத்திருந்தது. தலையில் துண்டு போட்டு மூடிய தாம்பாளம். என் பாட்டுக்கு யாரோ வேஷம் கட்டி அனுப்பியது போல இருந்தான். பாட்டு நின்றுவிட்டது. சிரிப்பு நிற்கவில்லை.

மாயாண்டி பெண்ணின் கழுத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

“நான் வரதுக்குள்ள தாலியும் கட்டிட்டீக, பாட்டும் கட்டிட்டீக.”

“அண்ணே, இது ஒங்களப் பத்தின பாட்டு இல்ல. அழகரப் பத்தி.”

“அழகரு என்னைக்குய்யா கரி பஸ்ஸுல வந்தாரு?”

இத்தனை நாளாக ஊரில் ஒருவரும் கேட்காத கேள்வி. பந்தல் இன்னொரு முறை சிரித்தது. சித்தப்பா சும்மா இருந்திருக்கலாம். “நேரத்துக்கு வரத் தெரியல, கோவம் மட்டும் நேரத்துக்கு வருதா?” என்று கேட்டுவிட்டார்.

“சரி சித்தப்பா. வாரேன். இந்த வாசல இனி மிதிக்க மாட்டேன்” என்றான் மாயாண்டி.

அங்கம்மா எழுந்து ஓடி வந்தாள். பந்தல் கால் வரை வந்தபோது மாமியார் கையைப் பிடித்துக்கொண்டார். “தாலி ஏறின கழுத்தோட, முதப் பந்தி ஒக்காராம வாசத் தாண்டக் கூடாது தாயி.” இவள் வெளியே போக முடியாது. அவன் உள்ளே வர மாட்டான். இரண்டு பேருக்கும் நடுவே வைகை மட்டும்தான் இல்லை, மாக்கோலம் இருந்தது. நான் பாடிப் பிழைத்த கதை முழுசாக வந்து என் முன்னால் நின்றுவிட்டது. இந்த ஆள் திரும்பிப் போனால் அழகரைப் போல அடுத்த சித்திரையில் திரும்பி வர மாட்டான். அந்தப் பெண்ணுக்குப் பிறந்த வீடு என்று இருந்ததே அவன் ஒருவன்தான்.

இந்த மாதிரி நேரத்தில் நம் தொழில்காரனுக்கு முதலில் தோன்றுவது புகழ்ச்சி. எனக்கும் அதுதான் தோன்றியது. அழகர் என்றால் அண்ணன், அண்ணன் என்றால் அழகர் என்று இரண்டு அடி எடுத்துவிட்டேன். காதர் மாமாவின் விரல் உடனே நின்றுவிட்டது.

“தாஜா பண்ணாதீக. பாட்டுக்காரரு கூலிக்குப் பாடுறீக, நான் கூலிக்குக் கல்லு ஒடைக்கிறேன். அம்புட்டுத்தேன்” என்றான் மாயாண்டி.

நான் டேப்பைப் பையில் வைக்கச் சொல்லிக் காதர் மாமாவுக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் என் காதருகே வந்து, “போறேன் போறேன்னுட்டு இன்னும் நிக்கிறாரு பாருங்க. சத்தம் வர்ற பாத்திரம் இன்னும் ஒடையலண்ணே” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பாட்டில் அழகர் பஸ் தள்ளினார், கண்டக்டர் பேசினார், பூக்காரம்மா வரைக்கும் பேசிவிட்டார். மீனாட்சி வாயே திறக்கவில்லை. பழைய கதையிலும் அவள் பேசுவதில்லை. இங்கே அங்கம்மாவும் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள். அவளைப் பார்த்துக்கொண்டே பாடினேன். மெட்டு அதே கரி பஸ் மெட்டுத்தான். வேறு மெட்டு யோசிக்க நேரம் இல்லை.

மாலை போட்ட கழுத்தினோடே – நான்
வாசல் பார்த்து நின்றிருந்தேன்
வேளை போகும் என்று சொன்னார் – அண்ணா
வேறு யாரைக் கேட்டிருப்பேன்

வந்த வழி சொல்லு அண்ணா – நீ
வந்த வழி சொல்லு அண்ணா

அதற்குமேல் எனக்கு அடி வரவில்லை. வந்த வழி எனக்கு எப்படித் தெரியும்? நிறுத்திவிட்டேன். காதர் மாமா மட்டும் நிறுத்தாமல் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தார். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு இடம் விட்ட தாளம். திருவிழாவில் எதிர்ப்பாட்டுக் கேட்டு வளர்ந்த ஆள் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு நடக்க முடியாது.

“வந்த வழியக் கேக்கியா?” என்றான் மாயாண்டி. தங்கையைப் பார்த்துக் கேட்டான். “நேத்தே வாரேன்னேன், மேஸ்திரி விடல.”

டப் என்று ஒரு தட்டு.

“வாடிப்பட்டியில விடியுமுன்ன ஏறினேன்.”

டப்.

“சமயநல்லூர்ல ஒல அணஞ்சு போச்சு.”

டப்.

“கரி ஈரம்னான் டிரைவரு. ஊதுன்னான். ஊதினேன்.” டப் டப். “யோவ், நான் பேசுறேன், நீ என்ன தட்டுற?”

“நீங்க பேசுங்கண்ணே. கை தானா வருது” என்றார் காதர் மாமா.

“ஊதினேன் ஊதினேன், மூஞ்சிதேன் எரிஞ்சுச்சு, ஒல எரியல.”

பந்தல் சிரித்தது. மாயாண்டி சுற்றிலும் பார்த்தான். சிரிப்பில் வித்தியாசம் தெரியும் அல்லவா? இது அவனோடு சேர்ந்து சிரித்த சிரிப்பு. குரல் கொஞ்சம் ஏறியது. அவனுக்கே தெரியாமல் பேச்சு தாளத்துக்கு உட்கார்ந்துவிட்டது.

“எறங்கித் தள்ளுன்னாக. சீரக் கீழ வச்சா ஆகாதுன்னு, தலையிலயே வச்சுக்கிட்டுத் தள்ளினேன். தலையில தாம்பாளத்தோட பஸ்ஸத் தள்ளினவன் இந்தச் சீமையில நான் ஒருத்தன்தேன். தள்ளியும் நகரல. நடந்து வந்தேன். தெப்பக்குளம் வந்ததும் மேளச் சத்தம் நின்னு போச்சு. அப்பவே தெரிஞ்சு போச்சுத்தா.”

கடைசி வாக்கியத்துக்குக் காதர் மாமா தட்டவில்லை.

“நான் வாசலத்தான்ண்ணே பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றாள் அங்கம்மா. அன்று அவள் வாய் திறந்தது அதுதான் முதல். “கட்டும்போதும் வாசலத்தான் பாத்தேன். அவுகளயே கேட்டுப் பாரு.”

மாப்பிள்ளை அதுவரை இருக்கிற இடம் தெரியாமல் இருந்தவர். “ஆமா மச்சான். என் பக்கம் திரும்பவே இல்ல. நான் காதுக்குத்தேன் தாலி கட்டினேன்” என்றார்.

மாயாண்டி வாயை மூடிக்கொண்டு சிரித்தான். சிரித்தபின் ஒருவன் கோபத்தைத் தொடர முடியாது, கௌரவம் விடாது. “நேரம் போகுதுன்னாகளா?” என்று கேட்டான். “ஆமாண்ணே.” “சரி விடு. பசிக்குதா?” “பசிக்குது.” கோலத்தைத் தாண்டி உள்ளே வந்தான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். எல்லாம் என் கெட்டிக்காரத்தனம் என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள்.

துண்டை விலக்கினார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய், மஞ்சள். நடுவில் அரக்கு நிறச் சேலை. அதன் முந்தியில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி. பஸ் தள்ளிய கையால் எங்கோ தொட்டிருக்கிறான். “கல்யாணச் சேலையில கறுப்பா? இதக் கட்டிக்கிட்டு முதப் பந்தியில எப்பிடி ஒக்காருறது?” என்றார் மாமியார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். மாயாண்டி தாம்பாளத்தைப் பார்த்துக் குனிந்தவன் நிமிரவில்லை. கல் உடைத்து வாங்கிய சேலை அது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாட்டு வரவில்லை. காதர் மாமா டேப்பை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டார்.

அங்கம்மா முந்தியை எடுத்து விரித்தாள். அண்ணனின் கையைப் பிடித்து, சுட்டு விரலை அந்தக் கரியில் அழுத்தினாள்.

“எனக்குத் திருஷ்டிப் பொட்டு யாருமே வைக்கலண்ணே. நீ வையி” என்று கன்னத்தைக் காட்டினாள்.

அவன் வைத்தான். கல் உடைத்த விரலில் பொட்டு கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது. மாமியார் அதைப் பார்த்தார். சேலையைப் பார்த்தார். “என் மகனுக்கும் ஒண்ணு வச்சு விடுப்பா, அவனுக்கு மட்டும் கண்ணு படாதா?” என்றார். இலை போட்டார்கள்.

அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் அவள் முதல் பந்தியில் உட்கார்ந்தாள். காதர் மாமா மூன்று தடவை சோறு வாங்கினார். சம்பந்தி வீடு ஆயிற்றே.

பாண்டி, சிரிக்க வை. ஆனால் வாசலைப் பார்த்துக்கொண்டே பாடு. உன் பாட்டில் வருகிற ஆள் எந்த நிமிஷமும் தாம்பாளத்தோடு வந்து நிற்பான். செல்லம், நீ பயப்படாதே. சாமி கதையில் இன்னும் வாய் திறக்காதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேள், கேட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மா இரு. மிச்சத்தை எப்படியும் நீ எழுதப் போவதில்லை, அவர்கள்தான் சொல்வார்கள்.

அடுத்த சித்திரைக்கு அச்சடித்த பாட்டுப் புத்தகத்தில் கடைசியில் இதைச் சேர்த்தேன்.

சேலையிலே ஒட்டும் கரி – அண்ணன்
தீண்ட அது பொட்டுக் கரி
ஊர்க்கண்ணை ஓட்டும் கரி – அழகர்
ஊதி வந்த பஸ்ஸுக் கரி

யுத்தம் முடிந்தது. பெட்ரோல் வந்தது. கரி பஸ்ஸை எல்லாரும் மறந்தார்கள். சில வருஷம் கழித்து ஒரு சித்திரையில் நானும் காதர் மாமாவும் பாட்டு எதுவும் இல்லாமல், சும்மா அழகரைப் பார்க்க ஆற்றில் நின்றிருந்தோம். பக்கத்தில் ஒரு அம்மா இடுப்பில் இருந்த பிள்ளைக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அழகர் கோபித்துக்கொண்டு திரும்பினாராம். மீனாட்சி கூப்பிட்டு வழியைக் கேட்டாளாம். அவர் விரலில் இருந்த கரியைத்தான் அவளுக்குத் திருஷ்டிப் பொட்டாக வைத்தாராம்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “ஏந்தாயி, இந்தக் கத யாரு சொன்னது?” என்று கேட்டேன்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“யாரு சொல்லணும்? அழகரு ஆத்துல எறங்குன நாள்லருந்து உள்ளதுதான. நீங்க என்ன, வெளியூரா?”

காதர் மாமா என் தோளில் டப் என்று ஒரு தட்டுத் தட்டினார். “ஆமாத்தா, இவரு வெளியூரு” என்றார்.